முட்டைக்குள் மருந்து கலக்க ஏலாது

போன வருடம் ஒக்டோபர் மாதம், எவரெஸ்ட் மலையின் அடிவார முகாமுக்குப் போகிற வழியில் நடந்தது இது. நான் லண்டன் மனோர் பார்க்கில் இருக்கிறவன். கடையில் டில் அடிக்கிற, காசு வாங்கிக் கல்லாவில் போடுகிற வேலை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன். எனக்கும் மலைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மாடிப்படி ஏறினாலே பாதியில் நின்று, போன் பார்ப்பதுபோல நடிக்கிற ஆள்.

ஆசைப்பட்டது மகள். "கைடோட குரூப்பாத்தான் போறம் அப்பா, சேஃப்" என்றாள். முன்பின் தெரியாத ஒருவனுக்குப் பின்னால் என் பிள்ளை நாட்கணக்கில் நடப்பதா? "நானும் வாறன்" என்றேன். அவள் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பயிற்சிக்கு வீட்டுக்குப் பக்கத்துப் புல்வெளியைச் சுற்றி நடந்தேன். அங்கே உயரமான இடம் என்றால் உட்காருகிற வாங்குதான்.

புறப்படுகிற கிழமை, கடையில் என்னோடு வேலை செய்கிறவன் காதைக் கடித்தான்.

"அண்ணை, கவனம். உந்தக் கைட்மார் சாப்பாட்டுக்குள்ள எதையோ கலந்து வருத்தமாக்கிப் போட்டு ஹெலிகொப்டரில ஏத்துவாங்களாம். இன்சூரன்ஸில கொமிஷன்."

"உனக்கு ஆர் சொன்னது?"

"போனில பாத்தனான்."

எனக்கு அது போதும்.

நேபாளத்தில் இறங்கினோம். கைட்டுக்குச் சிரித்த முகம். அதுவே முதல் சந்தேகம். என்னைக் கண்டதும் "வணக்கம் அண்ணே" என்றான். இமயமலையில் தமிழ்! மலேசியாவில் ஃபேக்டரி வேலை செய்தபோது தமிழ் ஆட்களிடம் பழகியதாம். அது இரண்டாவது. பிறகு, செக்போஸ்ட்டில் காட்ட வேண்டும் என்று பாஸ்போர்ட்டைக் கேட்டான். அது மூன்றாவது.

பல வருடங்களுக்கு முன் என்னை ஊரிலிருந்து களவாக லண்டனுக்குக் கூட்டிவரப் புறப்பட்ட ஏஜென்டுக்கும் சிரித்த முகம்தான். அவனும் முதலில் வாங்கியது பாஸ்போர்ட்டைத்தான். ஒரு நாட்டின் எல்லைக் காட்டுக்குள் வைத்து, "நீங்கள் முன்னால போங்கோ, நான் பின்னால வாறன்" என்றான். போனோம். திரும்பிப் பார்த்தால் மரங்கள்தான் நின்றன.

ஆகவே இந்த முறை பாஸ்போர்ட்டை உள்ளாடையில் பை தைத்து வைத்திருந்தேன். செக்போஸ்ட்டில் பொலிஸ்காரனுக்கு முன்னால் காற்சட்டையை இறக்கி நானே எடுத்து நீட்டினேன். மகள், இந்த ஆளை எனக்குத் தெரியாது என்பதுபோல மலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சாப்பாட்டிலும் நான் விடவில்லை. மூன்று வேளையும் ஓட்டோடு அவித்த முட்டை. "முட்டைக்குள்ள மருந்து கலக்க ஏலாது" என்று மகளுக்கு விளக்கம் வேறு. தண்ணீர் என்றால் மூடி உடைக்காத போத்தல்தான், அதுவும் விலைக்குப் பயந்து அளந்து. உயரத்துக்கு நல்லதென்று கைட் கொண்டுவந்து தந்த உள்ளிப்பூண்டு சூப்பை, லொட்ஜ் வாசலில் படுத்திருந்த நாய்க்கு ஊற்றிவிட்டேன். அது மறுநாள் வாலை ஆட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் மலை ஏறியது. நான்தான் பின்னால் மூச்சு வாங்கினேன்.

"அண்ணே, தலை வலி இருக்கா?" என்று கைட் ஒவ்வொரு நாளும் கேட்பான். இல்லை என்பேன். மண்டைக்குள் யாரோ மா இடித்துக்கொண்டிருந்தார்கள். ஓம் என்றால் ஹெலிகொப்டர்தானே!

முகாமுக்கு முந்திய கடைசி ஊர். காலையில் சப்பாத்து நாடா கட்டக் குனிந்தேன். விரல் சொன்னபடி கேட்கவில்லை. "பிள்ளை, கடைத் திறப்பை டில்லுக்குள்ள வைச்சிட்டு வந்திட்டன்" என்றேனாம். அந்த மலையில் கடைச் சாவிக் கவலை! மகள் பயந்துபோய் கைட்டைக் கூப்பிட்டாள். அவன் என்னை ஒரு பாதத்துக்கு முன் மற்றப் பாதத்தை வைத்து நேராக நடக்கச் சொன்னான். நான் நேராகத்தான் நடந்தேன். சுவர்தான் வந்து என் மேல் மோதியது.

"உயரம் ஒத்துக்கல. கீழே போகணும். இப்பவே" என்றான்.

"பாத்தியா, சொன்னனெல்லே! நான் ஹெலிகொப்டர் ஏறமாட்டன். சைன் வைக்கமாட்டன்!"

"ஹெலிகாப்டர் யார் கேட்டா? கால் இருக்கு. நட."

மகள் அழுதாள். "நானும் உங்களோட கீழ வாறன் அப்பா."

"வேண்டாம். என்ர பங்குக்கும் நீ பாத்திட்டு வா" என்றேன். அந்த நிலையிலும், மற்றவர்களைக் கூட்டிப்போக நின்ற இரண்டாவது கைட் ஒரு பெண் என்பதை நான் கவனித்திருந்தேன்.

இறக்கம் தொடங்குகிற இடத்தில் ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் பள்ளம். அங்கே நின்றுகொண்டு அவன் சொன்னான்: "அண்ணே, நீ முன்னே போ. நான் பின்னாடி வர்றேன்."

ஏஜென்ட் காட்டுக்குள் சொன்ன அதே வசனம். ஆனால் மேலே மூச்சு இல்லை, வேறு வழியும் இல்லை. நடந்தேன். கொஞ்சத் தூரத்தில் முதுகுப் பை இழுபட்டது. சரி, ஜிப்பைத் திறக்கிறான், பாஸ்போர்ட்டைத் தேடுகிறான் என்று நினைத்து வெடுக்கென்று திரும்பினேன். திரும்பின வேகத்தில் கால் சறுக்கிப் பள்ளத்துப் பக்கம் சாய்ந்தேன்.

விழவில்லை. பையின் வாரை அவர் இரண்டு கையாலும் பிடித்திருந்தார். இனி அவன் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. தொடக்கத்திலிருந்தே அந்த வாரை விடாமல் பிடித்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்.

"ஏன் சும்மா திரும்புற? நான் இருக்கேன்" என்று ஏசினார்.

அதன் பிறகும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அவர் நின்றார். நான் பார்ப்பதைப் பார்த்து, "இருக்கேன், இருக்கேன்" என்று சலித்துக்கொண்டார். பின்னேரம் கீழே ஒரு ஊரில் இருத்தி உள்ளி சூப் தந்தார். இந்த முறை நாய்க்கு ஒரு துளியும் கொடுக்கவில்லை. தலையிடி மெல்ல மெல்லக் கழன்றது.

மகள் முகாமைப் பார்த்துவிட்டு, வெயிலில் கறுத்த முகத்தோடு இறங்கி வந்தாள். புறப்படும்போது கைட்டைக் கட்டிப்பிடித்து விடைபெற்றேன். அப்போதும் ஒரு கையால் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். என்ன செய்வது, பழக்கம்.

"அவ்வளவு தூரம் போய் முகாமைப் பாக்காமலோ வந்தனீங்கள்?" என்று கடைக்கு வருகிறவர்கள் இன்றைக்கும் பகிடி பண்ணுகிறார்கள். பண்ணட்டும், பின்னால் வருகிறேன் என்று சொன்ன ஒரு மனிதர் உண்மையாகவே பின்னால் வந்ததை நான் பார்த்துவிட்டேன், இத்தனை வருடமாக அந்தக் காட்டுக்குள் திரும்பிப் பார்த்தபடியே நின்ற எனக்கு அது போதும்.