கருநீலச் சேலையில் ஒரு லிட்டர்

இடுப்பிலிருந்து தொடை வரை மட்டுமே இருந்த ஒரு ரப்பர் பெண்ணை மார்போடு அணைத்துக்கொண்டு மொரப்பூரில் ரயிலிலிருந்து இறங்கிய காலை, பாதித் தூக்கத்தில் கண்ட காட்சிபோல இன்றும் நினைவில் மிதக்கிறது. மேலே ஒரு துண்டைப் போர்த்தியிருந்தேன். எதிர் இருக்கைக்காரர் ஜோலார்பேட்டையிலிருந்தே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு வந்தார். கேட்கத்தான் தைரியம் வரவில்லை. பிரசவத்துக்குப் பின் வரும் இரத்தப்போக்கை அளவிடச் செவிலியர்கள் பழகுவதற்காக எங்கள் சிறிய வடிவமைப்புக் குழு செய்த பொம்மை அது. பொத்தானை அழுத்தினால் உள்ளிருக்கும் பையிலிருந்து செந்நிற நீர் கசியும். எவ்வளவு கசிந்தது என்று பார்த்தே சொல்ல வேண்டும். அரை லிட்டரைத் தாண்டினால் ஆபத்து, உடனே ஆம்புலன்ஸ் வண்டியை வரவழைக்க வேண்டும். கண் சொல்லும் அந்தக் கணக்கை நம்பித்தான் ஓர் உயிர் இருக்கும்.

வடிவமைப்புச் சிந்தனை என்ற சொல்லில் நாங்கள் சொக்கிக் கிடந்த காலம். பயன்படுத்தப்போகிறவரின் பக்கத்தில் போய் உட்கார், செய்து காட்டு, தப்பென்றால் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி செய் என்பதுதான் அதன் சாரம். கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய் உட்கார்ந்தோம். ஒரு வீட்டுக்குள்கூடப் போகவில்லை என்பது அப்போது எங்களுக்கு உறைக்கவே இல்லை.

சித்தேரி மலையில் வேலை பார்த்த நர்ஸம்மாவை மொரப்பூர்ப் பக்கம், கிராமப்புறச் சுகாதார நிலையம் ஒன்றில்தான் சந்தித்தேன். என் வயதுதான் இருக்கும். மலையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, எல்லாருக்கும் முன்னால் உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு சோதனை முடிந்ததும் மற்றவர்கள் கையைத் துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள்; அவர் மட்டும் பொம்மையின் மேல் துண்டை இழுத்து மூடிவிட்டுத்தான் எழுந்திருப்பார். வெள்ளை விரிப்பில் எல்லாரும் சரியான அளவைச் சொன்னார்கள், அவரும் சொன்னார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

"எல்லாம் நல்லாத்தாங்க சார் இருக்குது. ஆனா எங்க மலையில வூட்டுப் பிரசவத்துக்கு வெள்ளத் துணிய ஆருங்க விரிக்கறாங்க?" என்றார். "ரத்தத்தப் பாத்தா பெத்தவ பயந்துருவான்னு கருப்பு, நீலம்னு பழைய சேலையத்தான் மடிச்சுப் போடுவாங்க. வூட்டு ஜன்னலும் சின்னது, வெளிச்சம் பத்தாதுங்க." பையிலிருந்து கருநீலச் சேலை ஒன்றை எடுத்து நாலாக மடித்து விரித்தார்.

அவரைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். வெளியே வாசலில் சாமை காய்ந்துகொண்டிருந்தது. மேகம் வருவதும் விலகுவதுமாக, அறைக்குள் வெளிச்சம் தண்ணீர்போல ஆடியது. அவர் திரும்பிக் குனிந்து, துணியைத் தொட்டு, வெகுநேரம் பார்த்தார். "முந்நூறு இருக்குமுங்க. மிஞ்சிப்போனா முந்நூத்தம்பது."

"ஒரு லிட்டர்!" என்று கத்தினேன். புதையல் கிடைத்தவன் குரல் அது. அந்தக் குரலை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. ஏனென்றால் அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்தபடியே சொன்னார். சில வருடங்களுக்கு முன், மலைக் கிராமத்தில் ஒரு வீட்டில் வலி கண்டு, இவர் போய்ச் சேர்வதற்குள் குழந்தை பிறந்துவிட்டிருக்கிறது. கருநிறச் சேலையைப் பார்த்து இரத்தம் கொஞ்சம்தான் என்று நினைத்து வண்டிக்குத் தாமதமாகச் சொல்லியிருக்கிறார். மலைப்பாதையில் இறங்கும்போதே தாய் போய்விட்டாள். பாதைதான் காரணம் என்றார்கள் ஊரார். அரசாங்கக் கடுதாசியிலும் அப்படியே எழுதினார்கள்.

"ரோட்டு மேல பழியப் போட்டுட்டு இத்தன வருசம் தூங்கிட்டேங்க சார்."

"ரோடும் ஒரு காரணம்தானேம்மா" என்றேன்.

"ரோடு காரணம்னா ரோட்டச் சரி பண்ணிக்கலாமுங்க. இது என் கண்ணுங்க."

இதை எங்கள் அறிக்கையில் எழுதமாட்டோம், நீங்களும் யாரிடமும் சொல்ல வேண்டாம், வெளியே தெரிந்தால் விசாரணை வரும், வேலைக்கே உலை வைக்கும் என்று அவரிடம் சொன்னேன். நனைந்த சேலையைப் பிழிந்து பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். இனி வரமாட்டார் என்றே நினைத்தேன். அடுத்த வாரம் மூன்று பழைய சேலைகளோடும், குழந்தைகளுக்கு எடை பார்க்கும் தொங்கு தராசோடும் வந்து நின்றார். "நனையறதுக்கு முன்னால ஒருக்கா, நனஞ்சப்பறம் ஒருக்கா நிறுத்துப் பாருங்க. கண்ண நம்ப வேண்டியதில்ல." வெள்ளை விரிப்பைத் தூக்கிப் போட்டோம். நாங்கள் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டும் எட்டாத இடத்துக்கு அவர் பஸ்ஸிலேயே வந்து சேர்ந்துவிட்டிருந்தார்.

இப்போது அவரே பயிற்சி கொடுக்கிறார். போன மாதம் தர்மபுரியில் நடந்த வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். முன்வரிசையில் அதிகாரிகள். விரித்திருந்த கருநீலச் சேலையைப் பார்த்து, புதிதாக வேலைக்கு வந்த பெண்கள் ஒருவர் பின் ஒருவராக இருநூறு, முந்நூறு என்றார்கள். தராசுக் கணக்கில் ஒரு லிட்டர் என்று வந்ததும் சிரிப்பு எழுந்தது. அவர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

"நானும் முந்நூறுன்னுதான் நெனச்சேன்" என்றார். "அந்தப் பொண்ணு செத்துப்போச்சு. ரோட்டால இல்ல. என்னால."

அதிகாரி ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். எழுந்து போய் அவர் பக்கத்தில் நிற்க வேண்டும் போலிருந்தது, நிற்கவில்லை. அவர் நிதானமாக இறந்தவளின் பெயரைச் சொன்னார், ஊரைச் சொன்னார். அவள் பெற்ற மகள் இப்போது பள்ளிக்கூடம் போவதாகச் சொன்னார். சொல்வதையெல்லாம் எழுதிப் பழகிய அந்தப் பெண்கள், அளவுகளுக்குக் கீழே அந்தப் பெயரையும் எழுதிக்கொண்டார்கள்.

இத்தனை வருடங்களில் நான் ஒருநாளும் அந்தப் பெயரை விசாரித்ததில்லை. பக்கத்திலிருந்த பெண்ணிடம் பேனா வாங்கி நானும் எழுதிக்கொண்டேன்.