காய்ந்த வேலிதானே

மடவளையில் என் தோட்டத்துக்கும் பக்கத்துத் தோட்டத்துக்கும் நடுவே பச்சைக் கம்புகளை நட்டவன் நான். தெரியாமல் நடவில்லை.

பக்கத்துத் தோட்டம் நானாவுடையது. உறவில்லை; வயதில் மூத்தவர் என்பதால் அண்ணன் என்ற பொருளில் அப்படி அழைத்தேன். வெற்றிலைக் கடை வைத்திருந்தார். நான் கண்டியில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞன். அவருக்கு நான் ‘கிளாக்கர் தம்பி’.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில், ஊர் ஆடுகள் எங்கள் இருவரின் கத்தரிச் செடிகளையும் மேய்ந்து தீர்த்தபோது சுள்ளி வேலி கட்டத் தொடங்கினோம். இரண்டு வரிசையாகக் கம்பு நட்டு, இடையில் நாயுண்ணி முட்செடியையும் கொய்யாக் கிளைகளையும் அடுக்கி, ஏறி மிதித்து அமுக்க வேண்டும். நான் அடுக்கினேன், அவர் மிதித்தார்.

“பேனை புடிச்ச கையப் பாத்தா முள்ளும் சிரிக்கும், தம்பி.”

கீழ்க்கோடியில் எல்லை பாறைமேல் போனது. அங்கே கம்பு இறங்கவில்லை.

“என்ட பக்கம் நாலடி தள்ளிப் போடுங்க,” என்றார்.

“அப்ப உங்கட பிலாமரம் என்ட பக்கம் வந்துடுமே, நானா?”

“வந்தா என்ன? காஞ்ச வேலிதானே. ரெண்டு வருசத்துல உக்கிடும், மறுகா பாப்போம். காய் விழுந்தா வேலிக்கு மேலால எறிங்க, என்ட மண்டைல படாம.”

எல்லாம் காய்ந்த கம்பாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே அவர் கேட்டது. காய்ந்த வேலி உக்கி மண்ணாகும்; திரும்பக் கட்ட இருவரும் கூடிப் பேசியாக வேண்டும். பச்சைக் கம்பு வேர் பிடித்தால் பிறகு அதுதான் எல்லை.

மறுநாள் அவர் தங்கையைப் பார்க்கத் தெல்தெனியவுக்குப் போனார். மிச்ச வேலியை என்னிடம் விட்டுப் போனார். நான் முள்முருங்கைக் கிளைகளை வெட்டி, சேறு பூசி நட்டு, சுள்ளியால் மறைத்தேன். அந்தப் பலாமரத்தின்மேல் எனக்கு ஆசை இருந்தது. வேறு காரணம் சொல்ல என்னிடம் இல்லை.

அடுத்த மழைக்கு அவை தளிர்த்தன.

“காஞ்ச கம்பு தளிர்க்குதே, தம்பி.”

“ஒண்டு ரெண்டு தப்பிப் பொழச்சிருக்கும், நானா.”

அதை நம்பினார். சுள்ளிகள் உக்கின. கம்புகள் மரமாயின.

சில வருடங்கள் கழித்து, மகளின் கலியாணத்துக்காகத் தோட்டத்தை அவள் பேரில் எழுத நில அளவையாளரை அழைத்து வந்தார். வந்தவர் முள்முருங்கை வரிசையைக் காட்டி, இதுதானே எல்லை என்றார். நானா பாறையைக் காட்டினார். ஆதாரம் என்ன என்று கேட்டதும் என் பக்கம் திரும்பினார்.

“கிளாக்கர் தம்பி படிச்சவர். அவர் சொல்றத எழுதுங்க.”

அவர் முகத்தில் சந்தேகம் துளியும் இல்லை. பாறை என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

“இந்த மரங்கள்தான் எல்லை,” என்றேன்.

“சரி, கிளாக்கர் மாத்தையா,” என்றார் நானா. கடைக்கு வரும் முன்பின் தெரியாத உத்தியோகத்தரைத்தான் அவர் மாத்தையா என்பார்.

அந்தப் போகத்தின் முதல் காயை அவர் வாசலுக்குச் சுமந்து போனேன். “அது உங்கட மரத்துக் காய், மாத்தையா,” என்று உள்ளே போய்விட்டார்.

பிறகு என் மரவரிசைக்கு ஒரு முழம் உள்ளே, தன் பக்கத்தில், காய்ந்த கம்பால் ஒரு சுள்ளி வேலி கட்டினார். அடுக்கியதும் அவர்தான், ஏறி மிதித்ததும் அவர்தான். அது உக்க உக்க, சாகும்வரை தனியாகவே திரும்பக் கட்டினார். சுள்ளி முறியும் சத்தத்தைப் பலாமரத்தடியில் நின்று கேட்டிருக்கிறேன். என் முள்முருங்கைகள் அப்போதே நெருங்கி வளர்ந்திருந்தன. ஆடு நுழைய அங்கே வழியே இல்லை.