வரம் வாங்காத ரதி

காத்தமுத்துவுக்குப் பெண் வேஷம் பொருந்தும் என்று யாரும் சொன்னதில்லை. அகன்ற தோள், கரகரத்த குரல், விடியலில் ரப்பர் மரம் சீவப் போகிறவனின் அவசர நடை. ஆனாலும் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் காமன் கூத்து என்றால் ரதி அவன்தான். அழகுக்காக அல்ல, வாயாடுவதற்காகத்தான் அவனைத் தேர்ந்தெடுத்தார்கள். சிவனிடம் நியாயம் கேட்கும் கட்டம் வந்தால் எதிரே நிற்கிற சிவனுக்கு வியர்த்துவிடும்.

இலங்கை மலைத்தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவன். நாடு திரும்புகிறவர்கள் என்று பெயர் வைத்துக் கப்பலேற்றிய கூட்டத்தில், பார்த்தேயிராத நாட்டுக்குத் திரும்பி, அங்கிருந்து மறுபடி கப்பலேறி, நிக்கோபாரில் வந்து இறங்கிய குடும்பம். அந்தக் கூட்டம் மாசி மாதக் கூத்தை மட்டும் விடவில்லை. கம்பம் நட்டு, ரதிக்கும் மன்மதனுக்கும் கையில் காப்புக் கட்டுவார்கள். தவத்தைக் கலைத்த மன்மதனைச் சிவன் எரிப்பார். மூன்றாம் நாள் ரதியின் அழுகைக்கு இரங்கி உயிர் கொடுப்பார். எழுந்து வருகிறவன் ரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரிவான் என்பது வரம். அதை அவள் கையேந்தி வாங்கிய பிறகுதான் கமிட்டித் தலைவர் காப்பை அறுப்பார். அதுவரை கட்டியவன் மீன் தொடக் கூடாது, முகம் மழிக்கக் கூடாது. அவன் கையில் காப்பு இருக்கும்வரை வேறொருவன் ரதியாகவும் கூடாது.

பொங்கல் விழாக்களுக்குக் காத்தமுத்து நாடகமும் எழுதினான். ரேஷன் கடை, மேனேஜர் பங்களா, கப்பல் டிக்கெட் எல்லாம் அவன் நாடகங்களில் வந்தன. எல்லாம் நல்ல நாடகங்கள் என்று சொல்ல முடியாது. ஒரே வாதத்தை மூன்று விதமாகச் சொல்லும் வழக்கம் அவனை இன்னும் விட்டபாடில்லை. ஆனால் அவன் பாத்திரங்கள் யாரும் கடைசியில் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டதில்லை. அந்தக் காலத்துத் தோட்ட நாடகங்களில் அது அபூர்வம்.

சுனாமி வந்த காலையில் அவன் மேட்டுக் காட்டில் மரம் சீவிக்கொண்டிருந்தான். பூமி குலுங்கி நின்றதும் கீழே ஓடினான். மீன் வாங்கப் படகுத்துறைக்குப் போயிருந்த ரெங்கம்மா, அவன் மனைவி, தென்னந்தோப்புக்குள் ஓடி வருவதைச் சரிவிலிருந்தே பார்த்தான். அவளுக்குப் பின்னால் தண்ணீர் வருவதையும் பார்த்தான். பிறகு தோப்பும் இல்லை, அவளும் இல்லை. உடல் கிடைக்கவில்லை.

முகாம், தகரக் கொட்டகை என்று சில வருஷங்களைக் கழித்துவிட்டு, தெற்கு அந்தமானில் பெரார்கஞ்சில் பாக்குத் தோட்டம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். ரெங்கம்மாவின் அண்ணன் கணபதி அங்கே முன்பே இருந்தான். சுனாமி நாளில் கச்சாலில் இல்லாதவன் கணபதி. தங்கையைப் பற்றி யார் கேட்டாலும் அவனிடம் ஒரே பதில்தான்: “மிஸ்ஸிங்.” சாமி படத்தருகே அவள் படத்தை வைத்திருந்தான். மாலை போட விட்டதில்லை.

கச்சாலிலிருந்து பிழைத்து வந்தவர்கள் அங்கே சில குடும்பங்களாகச் சேர்ந்ததும், கூத்தை மறுபடி நடத்தலாம் என்ற பேச்சு வந்தது. தலைவர் சண்முகம் ராமநாதபுரத்துக் காண்டிராக்டர். தோட்டத்து ஆள் இல்லை என்றாலும் பந்தலும் ஜெனரேட்டரும் அவருடையவை.

“ரதிக்கு வேற ஆளப் பாப்போம்யா. பொண்டாட்டிய பறிகொடுத்தவன் ரதி கட்டுறது வழக்கமில்லையாமே” என்றார் அவர்.

கணபதி எழுந்துவிட்டான். “யாரு பறிகொடுத்தது? என் தங்கச்சி மிஸ்ஸிங். பாடி கெடைச்சுச்சா? மச்சான் தாராளமாக் கட்டலாம்.”

எல்லாருக்கும் அது வசதியாக இருந்தது. தலையாட்டினார்கள். காத்தமுத்து மட்டும், “அவ செத்துட்டா. நான் பாத்தேன். அதத் தெரிஞ்சுக்கிட்டுக் கட்டுறதுன்னா கட்டுங்க” என்றான்.

“சும்மா இரு மச்சான்.”

“அரே பாய், எப்பவும் ஒரு தகராறா ஒனக்கு?” என்று சண்முகம் சிரித்து, பேச்சை முடித்து, அவன் மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றைக் கட்டிவிட்டார். காப்புக் கட்டியவன் கட்டுக்குள் இருப்பான் என்பது அவர் எண்ணம். கட்டிய பிறகு ஆளை மாற்ற முடியாது என்பதை அவர் யோசிக்கவில்லை. கூத்து அவருக்குப் புதிது.

பாக்குக் காய்களை உடைத்துக் காயவைக்கும் களத்தில் காத்தமுத்து தன் வரிகளை உரக்கச் சொல்லிப் பார்ப்பான். எழுதிப் படிக்கிற பழக்கமெல்லாம் அவனுக்கு நாடகத்துக்குத்தான். கூத்து வாயில் வரவேண்டும். கூட வேலை செய்யும் சொர்ணம்மா ஒரு நாள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“என்னாண்ணே, ரதி வரம் வேணாங்குது?”

“வேணாந்தான்.”

“குடுக்கிற சாமிகிட்டயே ரூல்ஸ் பேசுறியே. ஒனக்கு எவ பொண்ணு குடுத்தா?”

“கணபதியோட ஆத்தா.”

சொர்ணம்மா சிரித்தாள். அவள் பெரிய மகனும் கச்சாலில் போனவன். சிரித்து முடித்ததும், “நெசமாவே சொல்லப் போறியா?” என்றாள் சின்னக் குரலில்.

அன்று மாலைக்குள் விஷயம் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. சிவன் வேஷக்காரன் கணபதிதான். அவன் வந்து வாசலிலேயே நின்றான்.

“வரத்த வாங்கு மச்சான். அவ எங்கயோ இருக்கான்னு நெனைச்சுத்தான் நான் சோறு திங்கிறேன். நீ வேணாம்னு சொன்னா, அவளையே வேணாம்னு சொன்ன மாதிரி.”

“எங்கயோ இருக்கிறவளுக்கு யாரும் அழ மாட்டாங்க கணபதி. ஆறு வருஷமாச்சு, அவளுக்கு ஒரு ஒப்பாரி வச்சோமா?”

“சாமி குடுக்குறதத் தட்டுனா ஊருக்கு ஆகாது.”

“ஊருக்கு இனிமே என்னா ஆகணும்?”

கணபதி திரும்பி நடந்தான். காத்தமுத்துவுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. அவனிடமிருந்து எதைப் பிடுங்கப் போகிறோம் என்று தெரிந்துதான் இருந்தது. தெரிந்த பிறகும் வரியை மாற்ற மனம் வரவில்லை. யார் கண்ணுக்கும் தெரியாத ஒருத்தியை இருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டு வாழ்வது அவளுக்குச் செய்கிற மரியாதையா, நமக்கு நாமே கொடுத்துக்கொள்கிற இனிப்பா? அவனுக்கு அது இனிப்பு என்றே பட்டது.

அறுவடை முடிந்த வயலில் கூத்து. மூன்றாம் நாள், தீவுகளில் சீக்கிரமே சாயும் வெயில் சாய்ந்துகொண்டிருந்தபோது, விபூதி பூசிய கணபதி சிவனாக வந்து நின்றான். தப்பு மேளம் ஓங்கி அடங்கியது. எதிரே வெள்ளைப் புடவையில், பல நாள் தாடியோடு காத்தமுத்து ரதியாக நின்றான்.

“ரதியே! உன் அழுகை கேட்டோம். உன் நாதன் எழுவான். உன் கண்ணுக்கு மட்டும் தெரிவான். கை ஏந்து!”

காத்தமுத்து கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“வேண்டாம்.”

கூட்டம் சலசலத்தது. “ஏய், வாங்குய்யா!” என்று சண்முகம் நாற்காலியிலிருந்து கத்தினார். “பந்த் கரோ! மைக்க ஆஃப் பண்ணு!”

மைக் நின்றது. அந்தக் குரலுக்கு மைக் தேவைப்படவில்லை.

“எரிச்சது நீ. எரிச்சுட்டு, எரியலன்னு எனக்கு மட்டும் காட்டுறேங்குற. ஊரு கேட்டா நான் என்னா சொல்ல? பைத்தியம்னு பேரு வாங்கவா? புருஷன் வேணாம் சாமி. எரிச்சேன்னு சொல்லு. ஊரறியச் சொல்லு, அது போதும்.”

கணபதி பாடமான அடுத்த வரியைத் தொடங்கினான், பாதியில் விட்டான். மறுபடி தொடங்கினான். திரிசூலத்தை ஊன்றிக்கொண்டு நின்றான்.

“ரதியே... கை ஏந்து.”

“சொல்லு.”

“மச்சான், வேணாம்.”

“சொல்லு கணபதி.”

சிவன் அழுவது கூத்தில் இல்லை. கணபதி அழுதான். “எரிச்சேன்” என்றான் முதலில். பிறகு யாரையும் பார்க்காமல், “செத்துட்டா. என் தங்கச்சி செத்துட்டா” என்றான்.

பெண்கள் பக்கத்தில் சொர்ணம்மா மார்பில் அடித்துக்கொண்டு மகன் பெயரைச் சொல்லி ஒப்பாரியைத் தொடங்கினாள். எரிந்த நாளில் பாட வேண்டியது, எழும் நாளில் வந்தது. ஒவ்வொருத்தியும் தன் பிணத்தை, கிடைக்காத பிணத்தை, பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். தப்புக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு, சாவுக்கு அடிக்கும் அடியை எடுத்தார்கள். சண்முகம் ஜெனரேட்டரையும் நிறுத்தச் சொன்னார். மிச்ச வெளிச்சத்தில் அழுகை தொடர்ந்தது.

மன்மதன் எழுந்ததற்கு அடையாளமாகக் கம்பத்தில் கட்டும் பச்சையைக் கட்டவில்லை. கூத்து முடிந்ததாகக் கணக்கில் வராது என்று சண்முகம் மறுநாளே சொல்லிவிட்டார். “நாலு பேர் முன்னாடி வரத்த வாங்கட்டும், காப்ப அறுக்குறேன். இல்லன்னா கட்டிக்கிட்டே கெடக்கட்டும்.”

“கெடக்குறேன்” என்றான் காத்தமுத்து.

கிடந்தான். மழைக்காலம் வந்து போனது. மீன் இல்லாத சோற்றைத் தின்றான், அதுவும் அந்தத் தீவில். தாடி மார்புவரை வளர்ந்தது. பஸ்ஸில் சாமியார் என்று எழுந்து இடம் கொடுத்தார்கள். கயிறு நைந்தபோது அதன்மேலேயே இன்னொரு கயிற்றைச் சுற்றிக்கொண்டான். பிடிவாதம் என்று சொன்னவர்கள் உண்டு. அது பிடிவாதம்தான். கணபதி ரெங்கம்மாவின் படத்துக்கு மாலை போட்டான். கொஞ்ச நாள் மச்சானோடு பேசாமல் இருந்தான். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காய்கறி வாங்கிக்கொண்டு வந்து, தானே சமைத்து, அவனோடு உட்கார்ந்து மீனில்லாத சோறு தின்றான்.

அடுத்த மாசி நெருங்கியதும் கமிட்டிக்குச் சிக்கல் புரிந்தது. காத்தமுத்து கையில் காப்பு இருக்கும்வரை வேறு ரதி இல்லை. ரதி இல்லாமல் கூத்து இல்லை. கூத்து வேண்டும் என்று பெண்கள் ஒற்றைக்காலில் நின்றார்கள். கடைசியில் சண்முகமே பாக்குக் களத்துக்கு வந்தார்.

“காத்தமுத்து, இந்த வருஷமாச்சும் வாங்கிக்குவியாய்யா?”

காத்தமுத்து பாக்கு உடைப்பதை நிறுத்தவில்லை.

“சாமி குடுக்கட்டும் தலைவரே. வேணாம்னுதான் சொல்லுவேன்.”

“அப்புறம் எதுக்கு நான் பந்தல் போடணும்?”

“போன வருஷம் அழ முடியாதவங்க இன்னும் இருக்காங்க. பெருசாவே போடுங்க.”

சொர்ணம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.  சண்முகம் திட்டிக்கொண்டே போனில் பந்தல்காரனைக் கூப்பிட்டார்.