கப்பலுக்கும் வீட்டுக்கும் ஆறு மணி

அவர் சித்திரை வருடப்பிறப்புக்கு வந்துவிடுவார் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். என் கணவர் சரக்குக் கப்பலில், என்ஜின் அறையில் வேலை செய்பவர். ஒன்பது மாத ஒப்பந்தம் முடிந்து மூன்று நாலு மாதம் வீட்டில் நிற்பார், பிறகு போய்விடுவார். எங்கள் வடகரையில் இது புதினமில்லை. ஒழுங்கைக்கு ஒரு வீட்டிலாவது யாராவது ஒருவர் கடலில் இருப்பார். நானும் பதினெட்டு வருடம் அதற்குப் பழகியிருந்தேன்.

கொரோனா வந்த அந்த வருடம் துறைமுகங்கள் மாலுமிகளை இறங்கவிடவில்லை. அவருக்குப் பதிலாக ஏறவேண்டிய ஆள் தன் நாட்டில் அடைபட்டுக் கிடந்தார். பங்குனிக் கடைசியில் என் கணவர் போன் எடுத்தபோது, "இஞ்சை விடேல்லை. அடுத்த துறைமுகத்திலை பாப்பம்" என்றார். அடுத்ததிலும் விடவில்லை. அதற்கடுத்ததிலும் இல்லை.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் நானும் மச்சாளும்தான். மச்சாள் அவருடைய மூத்த அக்கா. கல்யாணம் செய்யாதவர், தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஒரே குசினியில் இத்தனை வருடம் சமைத்தும் நாங்கள் இருவரும் அதிகம் கதைத்தவர்கள் அல்லர். தேவையானதைக் கேட்பார், தேவையானதைச் சொல்லுவேன். அந்த ஊரடங்கு நாட்களில் அவர் வானொலிச் செய்தியைச் சத்தமாக வைத்துக்கொண்டு, எங்காவது கப்பல் என்ற சொல் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பார். நான் குசினிக்குள் நின்றபடி அதையே கேட்டுக்கொண்டிருப்பேன்.

வைகாசியில் ஒரு காலை, தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது என் நெஞ்சு திடீரென்று அடிக்கத் தொடங்கியது. ஓடி வந்ததுபோல மூச்சு வாங்கியது. விரல்கள் விறைத்தன. செத்துப்போகிறேன் என்றுதான் நினைத்தேன். மச்சாள் என்னைச் சுவரோடு சாய்த்துவிட்டு, அனுமதிப் பத்திரம் வைத்திருந்த ஓட்டோக்காரருக்கு அழைப்பெடுத்தார். வழி முழுவதும் ஆளில்லாத தெரு. சந்தியில் ஒரு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் மாத்திரம் நீர்வேலி வாழைக்குலைகளோடு நின்றது.

ஆஸ்பத்திரியில் ஈசீஜி எடுத்தார்கள். இரத்தம் சோதித்தார்கள். முகக்கவசத்துக்கு மேலே களைத்த கண்களோடு இருந்த பெண் டொக்டர், "உங்கடை இதயத்திலை ஒரு பிழையும் இல்லை, அம்மா" என்றார். பிறகு, "வீட்டிலை என்ன யோசினை?" என்று கேட்டார். நான் சொன்னேன். எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கப்பலைக் கொண்டுவர என்னாலை ஏலாது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் உடம்பை அசையுங்கோ. பிறகு பதினைஞ்சு நிமிஷம் சும்மா இருந்து மூச்சைக் கவனியுங்கோ. யோசினை வந்தால் பின்னாலை போகாமல், திரும்ப மூச்சுக்கு வாங்கோ. ஒரு மாதத்திலை கிளினிக்குக்கு வந்து சொல்லுங்கோ."

ஒரு குளிசையாவது தந்திருக்கலாம் என்ற ஏமாற்றத்தோடுதான் திரும்பினேன். தாள் ஒன்றில் உடற்பயிற்சிகளைப் படமாகக் கீறித் தந்திருந்தார். யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது, மூச்சை இழுத்தபடி இரண்டு கையையும் மேலே கொண்டுபோவது, கழுத்தை மெல்லத் திருப்புவது, பாயில் படுத்து முழங்காலை நெஞ்சோடு அணைப்பது. அவ்வளவுதான்.

மறுநாள் பின்னேரம் விறாந்தை யன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றபோது மச்சாள் வாசலில் வந்து பார்த்தார்.

"கம்பியைப் பிடிச்சுக்கொண்டு எழும்பி எழும்பி நிண்டால் அவன் வந்திடுவானோ?"

நான் குதிகாலை இறக்கி, திரும்ப உயர்த்தினேன். மூன்றாம் நாள் அவரே பக்கத்து யன்னலுக்கு வந்தார். "எனக்கும் முழங்கால் பிடிக்குது" என்றார், நான் காரணம் கேட்டதுபோல.

உடற்பயிற்சி பழகிவிட்டது. மூச்சைக் கவனித்தபடி இருப்பதுதான் முடியவில்லை. கண்ணை மூடினால் அவர் வருவார். வெளிநாட்டுச் சவர்க்கார வாசத்தோடு பெட்டியைத் திறந்தபடி, வாசலில் செருப்பைக் கழற்றியபடி, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போனபடி. திரும்ப மூச்சுக்கு வரவேண்டும் என்றால் அவரை அங்கேயே விட்டுவிட்டு வரவேண்டும். எனக்கு மனம் வரவில்லை. ஏற்கெனவே உலகத்துத் துறைமுகங்கள் எல்லாம் அவரைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தன. நானுமா அனுப்புவது?

கிளினிக்கில் இதைச் சொன்னேன். "அவரை எப்பிடி டொக்டர் விடுறது?"

டொக்டர் கோப்பை மூடினார். "விடச் சொல்லேல்லை, அம்மா. வீட்டுக்கு ஒரு ஆள் வந்தால் கதிரையிலை இருக்கச் சொல்லிப்போட்டு நீங்கள் உலையைப் பாக்கிறதில்லையோ? அப்பிடி இருக்கட்டும் அவர்."

அதன்பிறகு கொஞ்சம் இலகுவானது. கப்பல் கரைக்குக் கிட்ட வந்து சிக்னல் கிடைத்த ஒரு நாள் அவரிடமும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "எத்தினை மணிக்கு இருக்கிறனீர்?" என்று கேட்டார்.

"பின்னேரம் ஆறுக்கு."

"என்ரை அறையிலை ஊர் நேரத்துக்கு ஒரு மணிக்கூடு வைச்சிருக்கிறன். நானும் அந்த நேரம் இருக்கிறன்."

அன்றிலிருந்து ஆறு மணி எனக்கு வேறு நேரமாகிவிட்டது. ஐந்தரைக்கே முகம் கழுவிவிடுவேன். மச்சாளும் கொஞ்சம் தள்ளித் தன் பாயை விரித்துக்கொண்டு இருக்கத் தொடங்கினார். கோயில் ஒலிபெருக்கிகூட இல்லாத அந்த மாதங்களில், எங்கள் வீட்டு விறாந்தையிலிருந்து கடல் இரைவது துல்லியமாகக் கேட்கும். மூச்சை இழுக்கும்போது அவரும் இழுக்கிறார், விடும்போது அவரும் விடுகிறார் என்று நினைத்துக்கொள்வேன். நினைக்கக்கூடாது, கவனிக்கத்தான் வேண்டும். இருந்தாலும் நினைத்தேன். அடுத்த முறை எடுக்கும்போது, "இருந்தனீங்களோ?" என்று கேட்பேன். "ஓம், இருந்தனான்" என்பார். எனக்கு அது போதும்.

ஐப்பசி மழைக்குள் ஒரு பின்னேரம், நான் கண்ணைத் திறந்தபோது மச்சாள் கண்ணை மூடியபடி அழுதுகொண்டிருந்தார். சத்தமே இல்லை. சேலைத் தலைப்பு நனைந்திருந்தது.

"அம்மா சாகேக்கை அவனுக்கு நாலு வயசு" என்றார் கண்ணைத் திறக்காமலே. "நான்தான் குளிக்கவாத்துத் தலை இழுத்துப் பள்ளிக்கூடம் விட்டனான். ஒவ்வொருக்காலும் அவன் கப்பலேறேக்கை நீ அழுவாய். எல்லாரும் உன்னைத்தான் தேற்றுவினம். நான் தேத்தண்ணி போட்டுக் குடுத்துக்கொண்டு நிப்பன்."

என் பாயை அவருடைய பாயோடு சேர்த்துப் போட்டுக்கொண்டேன். அதன்பிறகு எப்போதும் அப்படித்தான் இருந்தோம்.

கப்பலேறிப் பதினேழாம் மாதம் அவரை இறக்கினார்கள். தெற்கில் ஒரு விடுதியில் இரண்டு கிழமை தனிமைப்படுத்தி வைத்து, பிறகு விட்டார்கள். விடியக் காலையில் வாசலில் வந்து நின்றபோது கன்னம் ஒட்டிப்போய், காது பக்கம் நரைத்திருந்தார். மச்சாள் அவருடைய கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்னடா இது" என்று மட்டும் சொன்னார்.

அன்று ஆறு மணிக்கு மூன்று பாய் விரித்தேன். பக்கத்தில் அவர் மூச்சு விடுவதைக் கேட்கவேண்டும் என்று மாதக்கணக்காக ஆசைப்பட்டிருந்தேன். அவர் பாயைப் பார்த்தார். சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்திக்குப் போய்விட்டார். களைப்பாக்கும் என்று விட்டேன். மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும். ஆறு அடிக்கக் கொஞ்சம் முன்னதாக ஏதாவது ஒரு வேலை அவருக்கு வந்துவிடும்.

அவர் கடலில் இருந்தபோது அந்தப் பதினைந்து நிமிடமும் எனக்குப் பக்கத்தில் இருந்தார். வீட்டுக்கு வந்தபிறகு அந்த நேரத்தில் இல்லை. தலையணையில் அவர் தலை இருக்கிறது, கொடியில் அவர் சாரம் காய்கிறது. ஆனாலும் கப்பலில் இருந்த அந்த மனிதருக்காக என் மனம் ஏங்கியது. வெட்கமாக இருந்தது. மச்சாளிடம்கூடச் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்து, கிணற்றடியில் உடுப்பு அலம்பிக்கொண்டிருந்தபோது அவராக வந்து பக்கத்தில் குந்தினார்.

"உமக்கு ஒரு விசயம் சொல்லவேணும்" என்றார். "கப்பலிலை நான் இருக்கேல்லை."

எனக்கு விளங்கவில்லை.

"எனக்குக் கப்பல் நேரத்துக்கு எட்டிலையிருந்து பன்ரெண்டு வரைக்கும் வேலை, காலமையும் இரவும். ஊரிலை ஆறு மணி எண்டால், பெரும்பாலும் நான் கீழை என்ஜினுக்குள்ளை. காது கேக்காது, வெக்கை. எங்கை கண்ணை மூடுறது? ரெண்டு மூண்டுதரம்தான் மேலை இருந்து பாத்தனான். அழுகைதான் வந்தது. உமக்குச் சொல்ல மனமில்லை. இப்ப அந்தப் பாயைக் கண்டால் பொய் சொன்னது ஞாபகம் வருது."

நான் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தேன். எத்தனை மாலைகள். முகம் கழுவி, நேரம் பார்த்து.

"அப்ப ஏன் ஓம் எண்டனீங்கள்?"

"ஆறு மணி ஆகேக்கை மணிக்கூட்டைப் பாப்பன். இப்ப அவ இருக்கிறா எண்டு நினைப்பன். எனக்கு அது போதும். உமக்கும் காணும் எண்டு நினைச்சன்."

அழுதேனா கோபப்பட்டேனா என்று இப்போது சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு நாள் அவரோடு சரியாகக் கதைக்கவில்லை. ஆனால் ஆறு மணிக்கு இருப்பதை நிறுத்தவுமில்லை. மூன்றாம் நாள் அவர் சந்திக்குப் போகவில்லை. விறாந்தைப் படியில் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்து வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்களும் கூப்பிடவில்லை. அவர் வீட்டில் நின்ற மிச்ச நாளெல்லாம் அப்படித்தான் போயிற்று.

அதற்குப் பிறகு இரண்டு ஒப்பந்தம் முடித்துவிட்டார். இப்போது மூன்றாவதில், தென்னமெரிக்கப் பக்கம். கப்பலில் இன்ரநெற் நல்லாயிருக்கிறது, நினைத்தவுடன் கதைக்கலாம். நேரம் எதுவும் நாங்கள் குறித்துவைக்கவில்லை. இருந்தனீங்களோ என்று நான் கேட்பதுமில்லை.

மச்சாளும் நானும் இன்னும் ஆறு மணிக்கு இருக்கிறோம். சில நாள் மூச்சு மூச்சாகவே வந்து போகிறது. சில நாள் முழுவதும் அவர்தான். அப்படியான நாட்களில் நெஞ்சு முன்னைப்போலப் படபடப்பதில்லை. வலிக்கிறது. முடிந்ததும் மச்சாளுக்குக் கைகொடுத்து எழுப்பிவிடுகிறேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் நிமிரும்வரை கொஞ்சநேரம் அப்படியே நிற்பார்.