மடையடி நிறுத்தம்

எங்கள் ஊரிலிருந்து மேலூர் போகும் டவுன் பஸ் அடுத்ததாக மடையடி என்ற இடத்தில் நிற்கும். அங்கே வீடு கிடையாது, கடை கிடையாது. கண்மாய் மடையும் ஒரு புளியமரமும்தான். இங்கே எதற்கு நிறுத்தம் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். எனக்குத் தெரியும். பஸ்ஸுக்குள் வாய் திறந்து பேசிப் பழக்கமில்லாததால் இங்கே எழுதுகிறேன்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். ஊரில் அதற்கு மேல் பள்ளிக்கூடம் இல்லை. ஊருக்கென்று இருந்தவை ஒரு அடிபம்பு, பஞ்சாயத்து ரேடியோ, நாலு தெருவிளக்கு. அதில் இரண்டு எரியும். மேலூர் ஆறு மைல். அவ்வளவு தூரம் பெண்பிள்ளையை நடக்கவிட மாட்டேன் என்று அப்பா சொல்லிவிட்டார்.

அந்தக் கோடையில்தான் முதன்முதலாக பஸ் வந்தது. ஒரு மாதம் ஓட்டிப் பார்ப்பார்கள், கடைசி வாரத்தில் ஒருநாள் அதிகாரி வந்து தலை எண்ணுவார், ஆள் இல்லையென்றால் நிறுத்திவிடுவார்கள் என்று கண்டக்டர் சொன்னார். பஸ் நின்றால் என் படிப்பும் நின்றது.

அந்த வாரம் ஊரே பஸ் ஏறியது. மேலூரில் யாருக்கும் வேலை இல்லை. பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துவிட்டு அதே பஸ்ஸில் திரும்பினார்கள். சித்தப்பா ஒரு வெள்ளாட்டை விற்கப் போவதாகச் சொல்லித் தினமும் தூக்கிக்கொண்டு போய், தினமும் திரும்பக் கொண்டுவந்தார். அம்மாவுக்கு டீசல் வாடை ஆகாது. எலுமிச்சம்பழத்தை மூக்கருகே பிடித்துக்கொண்டு, மடியில் ஒரு தூக்குவாளியோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். அந்த வாளி எதற்கென்று பஸ்ஸில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு வெட்கமாக இருக்கும். இரண்டு சீட் தள்ளிப் பின்னால் உட்கார்ந்துகொள்வேன்.

வியாழக்கிழமை அதிகாரி வந்தார். நாங்கள் எல்லோரும் ஏறி உட்கார்ந்தபின், வெள்ளைச் சட்டையும் தோல்பையுமாக அவர் ஏறினார். அவ்வளவுதான், பஸ்ஸே எழுந்து நின்றது. அதிகாரி நிற்கும்போது உட்கார்ந்திருப்பது எங்கள் ஊரில் இல்லாத பழக்கம். பெரியப்பா துண்டால் ஒரு சீட்டைத் தட்டினார்.

“ஐயா நல்லா காலை நீட்டி உக்காரட்டும். இம்புட்டுக் கூட்டம் இருந்தா அவருக்கு மூச்சு முட்டாதா? எறங்குங்கப்பா.”

ஆண்கள் இறங்கினார்கள். அதைப் பார்த்துப் பெண்கள் இறங்கினார்கள். ஆடும் இறங்கியது. நானும் எழுந்து போகும்போது அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

“உக்காரு.”

“ஆபீசரும்மா.”

“இருக்கட்டும். உக்காரு.”

மரியாதை தெரியாத அம்மா என்று நினைத்துக்கொண்டேன். பஸ் கிளம்பியது. அதிகாரி நோட்டில் இரண்டு என்று எழுதினார். கண்டக்டர் படிக்கட்டில் தொங்கியபடி சித்தப்பாவைப் பார்த்துக் கத்தினார்.

“அண்ணே, எண்ண வந்தவரு ஏறவும் எல்லாரும் எறங்கிட்டீங்களே.”

அப்போதுதான் ஊருக்கு உறைத்தது.

பஸ் ரோடு கண்மாயைச் சுற்றிக்கொண்டு போகும். கோடையில் கண்மாய் வறண்டு கிடந்ததால், குறுக்கே ஓடினால் பஸ்ஸுக்கு முன்னதாகவே மடைக்குப் போய்விடலாம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெடித்த தரையில் வேட்டிகளும் சேலைகளுமாக ஓடி வந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் சித்தப்பா, தோளில் ஆடு.

மடையடியில் ரோட்டை மறித்து நின்று பஸ்ஸை நிறுத்தினார்கள். பெரியப்பா மூச்சு வாங்க ஏறி, முன்பின் பார்த்திராதவர் போல அதிகாரியிடம் கேட்டார்.

“ஐயா, இந்த பஸ் மேலூர் போகுங்களா?”

அதிகாரி ஆட்டை வெகுநேரம் பார்த்தார். பிறகு, “உக்காருங்க எல்லாரும். நின்னுக்கிட்டே இருந்தா எனக்கு எண்ண வராது,” என்றார். மடையடி, இருபத்து நாலு பேர் என்று எழுதினார்.

பள்ளிக்கூடம் திறக்குமுன் உத்தரவு வந்தது. பஸ் நிரந்தரம், மடையடியிலும் நிற்கும் என்று. அங்கே ஒரு ஊர் இருப்பதாக நம்பிவிட்ட ஏமாளி அதிகாரி என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அந்த பஸ்ஸில் போய்த்தான் பத்தாவது வரை படித்தேன். இன்றும் மடையடியில் பஸ் நிற்கும்போது மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொள்வேன்.

அந்த வாரத்துக்குப் பிறகு அம்மா அந்த பஸ்ஸில் ஏறவே இல்லை. மேலூர் சந்தைக்குக் கூடையோடு நடந்தே போய்வந்தாள். வழியில் பஸ் அவளைத் தாண்டும். “எங்க அம்மாவுக்கு பஸ்ஸுன்னாலே ஆகாது,” என்று பக்கத்தில் இருந்த பிள்ளைகளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். ஆகாத பஸ்ஸில் ஒரு வாரம் எதற்காக ஏறினாள் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.