தட்டைக் கட்சியும் உருண்டைக் கட்சியும்

லிஃப்டில் ஏறுகிறவர்களில் பாதிப் பேர் கண்ணாடியைப் பார்த்துத் தலை சீவிக்கொள்வார்கள், மீதிப் பேர் செல்போனைப் பார்ப்பார்கள். தொங்கலார் மட்டும் தரையைப் பார்ப்பார். கூச்ச சுபாவம் போலிருக்கிறது என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள். அந்தத் தரைக்கு அடியில், லிஃப்டின் வயிற்றிலிருந்து ஒரு கேபிள் தொங்கிக்கொண்டு கூடவே ஏறி இறங்குகிறது. அது என்ன கேபிள், ஒழுங்காகத் தொங்குகிறதா, சுவரில் உரசுகிறதா என்று பாதத்தாலேயே கண்டுபிடிக்கப் பார்ப்பார். மனிதர் செருப்பில் எதையோ மிதித்துவிட்டார் என்று கூட இருப்பவர்கள் ஒதுங்கி நிற்பார்கள்.

உயரமான கட்டடங்களின் லிஃப்டுகளுக்கு அந்தக் கேபிளைத் தேர்ந்தெடுப்பதும் தொங்கவிடுவதும்தான் அவர் தொழில். அதனால் ஊரார் வைத்த பெயர் தொங்கல். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருக்கிறது. ஆள் ஐம்பதைத் தாண்டியவர், கௌரவமான தொப்பையும் உண்டு. ஆகவே நாம் மரியாதையாகத் தொங்கலார் என்றே வைத்துக்கொள்வோம்.

ஒரு விஷயத்தில் அவருக்கு உலகத்தின் மேலேயே கோபம். லிஃப்ட் என்றால் எல்லோரும் இரும்புக் கயிற்றைத்தான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள்.

“கயிறு தூக்குது, சரி. கெணத்து வாளியையுந்தான் தூக்குது. உள்ள வெளிச்சம் குடுக்கிறது யாரு? ஃபேன் யாரு? நீங்க ஏழாம் நம்பரை அமுக்குனீங்கன்னு மேல போய்ச் சொல்றது யாரு? கேமரா, போன், பாட்டு, எல்லாத்தையும் ஒரே கேபிள் சுமக்குதுங்க!”

இதை அவர் முன்பின் தெரியாதவர்களிடம் சொல்வார். பஸ்ஸில் சொல்வார், விருந்து வீட்டில் சொல்வார், பல் டாக்டர் வாய்க்குள் இடுக்கியை விட்டிருக்கும்போதும் சொல்லப் பார்த்திருக்கிறார். மனைவி முழங்கையால் இடிப்பார். இடித்தால் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்வார்.

மனைவியின் தம்பிக்கும் அதே கம்பெனியில் அதே வேலை. சேர்த்துவிட்டவர் தொங்கலார்தான். அதை அவர் மறந்ததில்லை, மற்றவர்களை மறக்கவிட்டதும் இல்லை. தம்பி இன்னும் கல்யாணம் ஆகாதவன், இரண்டு தெரு தள்ளி ஓர் அறையும் அடுப்படியுமாகக் குடியிருந்தான். மாமனும் மச்சானும் என்றால் அப்படியொரு ஒட்டுதல். கட்டடத்தில் ஒருவர் மேலே, ஒருவர் கீழே. லீவு நாளில் அக்கா வீட்டில் ஒரே மேசையில் சாப்பாடு. அந்த மேசையில்தான் வினை வந்தது.

கம்பெனிக்கு நாற்பது சொச்சம் மாடிக் கட்டடம் ஒன்று கிடைத்திருந்தது. எந்தக் கேபிள் போடலாம் என்று இருவரையும் யோசனை கேட்டிருந்தார் பொறியாளர் அம்மா. உள்ளே எத்தனை கம்பி வேண்டும் என்பதில் சண்டையில்லை. நாளைக்கு எவனாவது வந்து லிஃப்டுக்குள் டிவி வைக்கணும் என்பான், அதற்குக் கூடுதலாகக் கொஞ்சம் கம்பி இருக்கட்டும் என்று இருவருமே சொன்னார்கள். கேபிள் உருண்டையா தட்டையா என்பதில்தான் பற்றிக்கொண்டது.

“உருண்டைதான்” என்று ஒற்றைக் காலில் நின்றார் தொங்கலார். “நடுவுல இரும்பு வெச்சது. பிடிச்சா பிடி, நின்னா நிலை.”

“அத்தான், அது உருளையில சுத்துறப்பவே முறுக்கிக்கிட்டு வர்ற சாமான். தொங்கவிட்டு முறுக்கு எடுக்கவே நாள் பத்தாது. சரியா எடுக்கலன்னா, லிஃப்ட் ஏறி எறங்கும்போது சடை மாதிரி பின்னிக்கும். தட்டைன்னா பெல்ட்டு மாதிரி, முறுக்கே கெடையாது.”

“தட்டை காத்துல ஆடும்டா. கொடியில காயப்போட்ட துணி மாதிரி படபடன்னு சுவத்துல அடிக்கும்.”

“ஓரத்துல இரும்புக் கம்பி வெச்ச தட்டை வருது அத்தான். அது ஆடாது.”

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மனிதர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

“நேத்து வரைக்கும் டியூப்லைட் மாட்டிட்டிருந்த பய, நீ எனக்குச் சொல்றியா?”

தம்பி பாதிச் சாப்பாட்டில் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டான். மனைவி கரண்டியோடு வந்து நின்றார்.

“என் தம்பி எதை மாட்டுனா உங்களுக்கென்ன? எனக்கும் தட்டைதான் பிடிச்சிருக்கு!”

அந்த அம்மாள் உருண்டையையும் பார்த்ததில்லை, தட்டையையும் பார்த்ததில்லை. அதனால் என்ன? அரை மணியில் உறவு முழுக்க இரண்டாகப் பிரிந்தது. மனைவியின் அக்கா போனிலேயே தட்டைக் கட்சியில் சேர்ந்தார். தொங்கலாரின் அண்ணன், கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் உருண்டை என்றார். “ரெண்டுலயும் கரண்டு வருமில்ல?” என்று கேட்ட எதிர்வீட்டுக்காரர் இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

சாயங்காலம் மனைவி ஒரு பையில் துணிமணியை அடைத்துக்கொண்டு, சாவியை மேசை மேல் டங்கென்று வைத்தார். “நீங்க ரெண்டு பேரும் வாயத் தெறந்து பேசுற அன்னிக்குத்தான் இந்த வாசப்படி மிதிப்பேன்” என்று சொல்லிவிட்டுத் தம்பி வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

போதாக்குறைக்குப் பொறியாளர் அம்மா தட்டைக் கேபிளைத் தேர்ந்தெடுத்தார். தொங்கலாருக்கு மூக்கு உடைந்துபோயிற்று.

வீடு வீடாகவே இல்லை. அவருக்குச் சமைக்கத் தெரிந்தது முட்டை அவிப்பது ஒன்றுதான். காலையில் முட்டை, ராத்திரியில் முட்டை. நடுவில் ஒருநாள் ஒரு மாறுதலாக இருக்கட்டும் என்று முட்டையை நறுக்கி வைத்துச் சாப்பிட்டார். துண்டு இருக்கும் இடம் தெரியாமல் தலையணை உறையால் தலை துவட்டினார். “ஏன்டி, உப்பு எங்க?” என்று குரல் கொடுத்துவிட்டு, பதிலே வராமல் அப்படியே நின்றார். மனைவி இல்லாமல் தன்னால் முடியாது என்பது அவருக்கு நன்றாகவே தெரிந்தது. அழுகை அழுகையாக வந்தது. ஆனால் தட்டையில் ஜெயித்தவனிடம் தானே போய் முதலில் பேசுவதா? அதற்கு மட்டும் நாக்கு எழும்பவில்லை.

வேலை அதுபாட்டுக்கு நடந்தது. எப்படி நடந்தது என்று பொறியாளர் அம்மாவைக் கேட்டால் இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்வார். கேபிள் உருளையை மேலே நிறுத்தி, மடங்காமல் லிஃப்ட் ஓடும் குழிக்குள் மெல்ல இறக்கி, ஒரு முனையைச் சுவரிலும் மறுமுனையை லிஃப்டின் வயிற்றிலும் பூட்ட வேண்டும். இருவரும் ஓயாமல் பேசிக்கொண்டே செய்கிற வேலை. இவர்கள் லிஃப்ட் பிடித்து ஏறும் தண்டவாளத்தில் சுத்தியலால் தட்டித் தட்டிச் செய்தார்கள். ஒரு தட்டு என்றால் இறக்கு, இரண்டு தட்டு என்றால் நிறுத்து. பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போதோ இன்னும் மோசம்.

“மேடம், அந்த ஸ்பேனரைக் குடுக்கச் சொல்லுங்க.”

“மேடம், அவரு கால்கிட்டதான் இருக்குன்னு சொல்லுங்க.”

கேபிள் தொங்கியது. கம்பிகளை ஒவ்வொன்றாக பஸ்ஸரை வைத்துச் சோதித்தார்கள். அதற்கு வாய் வேண்டாம், ‘பீப்’ என்றால் சரி. கடைசியாக வந்தது அவசரகால போன். லிஃப்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டால் பேசுவதற்கான போன் அது. மேலே மெஷின் ரூம், லிஃப்ட் கேபின், கீழே செக்யூரிட்டி மேசை மூன்றுக்கும் ஒரே இணைப்பு. ஒருவர் பேசினால் மூன்று இடத்திலும் கேட்கும்.

“இதை பஸ்ஸர் வெச்சுப் பாக்க முடியாது” என்றார் பொறியாளர் அம்மா, கொஞ்சம் சந்தோஷமாகவே. “ஆள் பேசணும், ஆள் பதில் சொல்லணும். நான் பக்கத்து லிஃப்டைப் பாத்துட்டு வர்றேன்.”

தொங்கலார் மெஷின் ரூமுக்குப் போனார். மச்சான் கேபினுக்குள் நின்றான். கீழே யார் இருந்தது என்பதுதான் இரண்டு பேருக்கும் தெரியாது. தம்பிக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்திருந்தார் தொங்கலாரின் மனைவி. “கொஞ்சம் உக்காருங்கம்மா, லாரி வருது, பாத்துட்டு வந்துர்றேன். போன் அடிச்சா எடுங்க” என்று சொல்லிவிட்டு செக்யூரிட்டிக்காரர் வாசலுக்குப் போயிருந்தார். போன் அடித்தது. எடுத்தார். பேச்சே இல்லை, இரண்டு மூச்சுதான் கேட்டது. அதில் ஒன்று, மூக்கடைத்த அந்த மூச்சு, கல்யாணமான நாளிலிருந்து அவர் பக்கத்தில் கேட்டு வந்தது. அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு காதைக் கொடுத்தார்.

மேலே தொங்கலார் தொண்டையைச் செருமினார்.

“மெஷின் ரூம்லருந்து பேசுறது. சோதனை. யார்கிட்டயும் பேசல, சும்மா சோதனை.”

“கேபின்லருந்து பேசுறது” என்றான் மச்சான். “இதுவும் சோதனைதான். யாருக்கும் பதில் சொல்லல.”

விதிப்படி பார்த்தால் சோதனை முடிந்துவிட்டது. இருவரும் வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

“சோதனை. தட்டைக் கேபிள்ல சத்தம் கொரகொரன்னு வருது.”

“சோதனை. கேபிள் நல்லாத்தான் இருக்கு. பேசுற ஆளோட தொண்டை அப்படி.”

“சோதனை. மெஷின் ரூம்ல இருக்கிற ஆளு இத்தனை நாளா அவிச்ச முட்டைதான் திங்கிறாரு. தொண்டை அப்படித்தான் இருக்கும்.”

மச்சான் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டான்.

“சோதனை. கேபின்ல இருக்கிற ஆளு அடுப்படியில சிலிண்டரைக் கட்டிப்பிடிச்சுட்டுப் படுக்குறாரு. கட்டிலை அக்கா எடுத்துக்கிச்சு. விடியுறதுக்கு முன்னாடி எழுப்பிவிட்டுட்டு, ஏன்னு கேட்டா சும்மாதாங்குது. டிவி ரிமோட்டு எங்க போச்சுன்னே தெரியல.”

“தலகாணிக்கு அடியில பாரு. அங்கதான் வெப்பா.”

“ஐயோ, அங்கயா இருக்கு!”

“சோதனை” என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டார் தொங்கலார். பிறகு குரல் இறங்கியது. “சோதனை. அந்த ஆளோட அக்கா, இந்த ஆளைப் பத்தி ஏதாவது சொல்லுச்சா?”

“ஒண்ணும் சொல்லல. ஆனா தெனமும் மூணு பேருக்குச் சமைக்குது. யாருக்கு அக்கா மிச்சம்னு கேட்டா, கை அளவு தப்பிடுச்சுங்குது.”

இந்தத் தடவை தொங்கலார் ‘சோதனை’ என்று சேர்க்கவில்லை.

“மாப்ள, அன்னிக்கு டியூப்லைட்டுன்னு சொன்னது தப்புடா. பெரிய தப்பு. கேபிள் ஆடவே இல்ல, நான் பாத்துட்டேன். நீ சொன்னதுதான் சரி. உங்கக்காவை அனுப்பிவைடா. அவ இல்லாம என்னால ஆகல.”

“அத்தான், நீங்க வந்து கூட்டிட்டுப் போயிருங்க அத்தான்! உங்க கால்ல வேணா விழுறேன். இன்னும் ஒரு வாரம் போச்சுன்னா நான் இந்தக் கேபின்லயே குடி வந்துருவேன்.”

அப்போது மூன்றாவதாக யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“கீழருந்து பேசுறது.”

மேலே ஒருவர் முகத்திலும் நடுவே ஒருவன் முகத்திலும் ஈயாடவில்லை.

“இது சோதனை இல்ல. எல்லாம் நல்லாவே கேட்டுச்சு. ஏன்டா, கட்டிலை நானா கேட்டேன்? நீயாத்தானடா ‘படுத்துக்க அக்கா’ன்ன? இருக்கட்டும், உனக்கு ஒரு நாளைக்கு இருக்கு.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். “என்னங்க.”

“சொல்லும்மா” என்றார் தொங்கலார். சொல்லும்போது எழுந்து நின்றுவிட்டார்.

“சாவியை எடுத்துட்டு வாங்க. நான் முன்னாடி போய் அடுப்பு பத்த வெக்கணும். இனிமே அந்த வீட்டுல யாராவது முட்டை அவிச்சீங்க, அப்புறம் நான் மனுஷியா இருக்கமாட்டேன்.”

மேலே போன் ஆடிக்கொண்டு தொங்கியது. மச்சான் லிஃப்டை மேலே கொண்டுவந்து, கதவைத் திறந்து, “அத்தான், வாங்க!” என்றான். மெஷின் ரூமில் ஆளே இல்லை. படிக்கட்டுப் பக்கம் தடதடவென்று சத்தம் மட்டும் கேட்டது.

“அத்தான்! லிஃப்ட் இருக்கு அத்தான்! நாமதான மாட்டுனோம்!”

“அதுக்கெல்லாம் யாருடா நிக்கிறது!” என்று பதில் வந்தது, இரண்டு மாடிக்குக் கீழேயிருந்து.