கிள்ளானில் டெண்டர் பிரித்த சனிக்கிழமை

தமிழ்ப்பள்ளிக் கட்டடத்துக்காக ஓடிக்கொண்டிருப்பவர்கள் அவ்வப்போது என்னிடம் வழி கேட்கிறார்கள். அவர்களுக்காக இந்தப் பழைய பயணத்தை எழுதிவைக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், ஈப்போவில் எங்கள் பள்ளிக் கட்டடக் குழுவுக்கு நான் செயலாளர். பாதிச் செலவு அரசாங்கம், மீதி ஒரு வீடமைப்பு முதலாளி என்று ஏற்பாடு. எந்தக் குத்தகையாளரிடம் வேலையைக் கொடுப்பது என்பதில்தான் குழு இரண்டுபட்டது. ஆளாளுக்குத் தன் ஆளைத் தூக்கிப் பிடித்தார்கள். மாதக் கடைசிக்குள் முடிவு சொல்லாவிட்டால் பணம் வேறு பள்ளிக்குப் போகும் என்றார் முதலாளி. எனக்குத் தூக்கமே போயிற்று.

கிள்ளானில் ஒரு பள்ளி இதே ஏற்பாட்டில் சண்டையில்லாமல் கட்டுகிறது என்று கேள்விப்பட்டதும் கிளம்பிவிட்டேன். இருநூறு கிலோமீட்டர் பஸ் பயணம், இரவு தலைநகரின் பிரிக்பீல்ட்ஸில் நாத்தனார் வீடு. காலை ஏழரைக்குக் கிள்ளான் பஸ். நெரிசலில் ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. பஸ் நிலையத்திலிருந்து பள்ளிக்கு டாக்சிக் கட்டணம் நான்கு வெள்ளி. ஓட்டுநரின் மகளும் அங்கேதான் படிக்கிறாளாம். "இன்னைக்கு டெண்டர் பிரிக்கிறாங்கக்கா, நானும் வரேன் லா," என்று வண்டியை ஓரங்கட்டிவிட்டு என்னோடு வந்துவிட்டார்.

கேன்டீனில் பெற்றோர் நிறைந்திருந்தார்கள். அரசாங்க அதிகாரியும் முதலாளியின் ஆளும் முன்வரிசையில். குழுத் தலைவர் ரயில்வேயில் ஓய்வுபெற்றவர். உறைகளைத் தொடும் முன், "டெண்டர் போட்டவங்களுக்குச் சொந்தம்னா, எவ்வளவு தூரத்துச் சொந்தமா இருந்தாலும் எழுந்திரிச்சு வெளிய போயிருங்க," என்றார். சொல்லிவிட்டு அவரே முதலில் எழுந்தார். அவர் மருமகனும் டெண்டர் போட்டிருந்தாராம். நேரே அடுப்படிக்குப் போய் எல்லோருக்கும் தேநீர் ஆற்ற ஆரம்பித்துவிட்டார். அசந்துபோனேன்!

குறைந்த தொகை கேட்டிருந்தவர் அந்த மருமகன்தான். ஆனாலும் இரைச்சலான வேலைகளைப் பள்ளி விடுமுறையில் முடிப்பதாகத் திட்டம் கொடுத்த வேறொருவருக்கே வேலை கிடைத்தது. செய்தியைச் சொன்னபோது தலைவர் கேட்டது ஒன்றுதான்: "டீக்குச் சீனி போதுமா?"

இதுபோன்ற கூட்டம் பார்க்கப் போகிறவர்கள் சனிக்கிழமையாகப் பார்த்துப் போங்கள், பெற்றோர் எல்லோரும் இருப்பார்கள். காலை பஸ்ஸைத் தவறவிட்டால் வெயிலில் வெந்துபோவீர்கள்.

அந்த வழக்கத்தை அப்படியே எங்கள் குழுவுக்குக் கொண்டுபோனேன். கிள்ளான் மாதிரியா எங்கள் ஊர்? ஒருவருக்கொருவர் ஏதோ ஒரு வகையில் சொந்தம். ஒவ்வொருவராக எழுந்ததில் நாற்காலிகள் காலியாகிக்கொண்டே வந்தன. கடைசியில் குழுவிலிருந்த என் வீட்டுக்காரரும் எழுந்து, ஒரு குத்தகையாளர் தன் ஒன்றுவிட்ட தங்கைக்குச் சம்பந்தி முறை என்றார். எனக்கே அன்றுதான் தெரியும். அவர் எழுந்தால் நானும் எழ வேண்டுமே!

உள்ளே மிஞ்சிய மூன்று பேர் அரை மணி நேரத்தில் பேசி முடித்தார்கள். எங்கள் பள்ளிக்குக் கட்டடம் உறுதியான அந்த நிமிடத்தில், செயலாளரான நான் அடுப்படியில் தேயிலை வடிகட்டிக்கொண்டிருந்தேன்.